காருக்கு 600 வெள்ளி, காரைச் சுற்றி 850 வெள்ளி: ‘லிமிடெட் எடிஷன்’ கணக்கைப் பார்ப்போமா?

கோப்பெங்கில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு அண்மையில் 21 வயது நிறைந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஹாட் வீல்ஸ் கார் என்றால் உயிர். விரல் நீளமே இருக்கும் அந்தச் சின்ன உலோகக் கார்களைத்தான் சொல்கிறேன். பிறந்தநாளுக்கு அவன் மகிழும்படி ஏதாவது வாங்க வேண்டும் என்று நினைத்து, ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தை ஒன்றுக்குப் போனேன். அங்கே ஒரு வியாபாரி பச்சை நிறக் கார் ஒன்றைத் தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். “அங்கிள், இது சூப்பர். லிமிடெட். எல்லாரிடமும் இருக்காது” என்றார். விலை 150 வெள்ளி. பேரம் பேசிப் பார்த்தேன், ஒரு காசும் குறைக்கவில்லை. வாங்கிவிட்டேன்.

வீட்டில் கொடுத்தேன். பையன் காரைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். சக்கரத்தை விரலால் உருட்டினான். பிறகு மெதுவாக, “சித்தப்பா, எவ்வளவு குடுத்தீங்க?” என்று கேட்டான். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இது சாதா கார் சித்தப்பா. சக்கரத்த மட்டும் மாத்தியிருக்காங்க” என்றான்.

அண்ணி உள்ளே தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். “150 வெள்ளிக்கு அரிசி எத்தனை மூட்டை வரும் தெரியுமா தம்பி?” என்று அங்கிருந்தே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று ஏமாந்தது நான்தான். ஆனால் அன்று மாலை பையனோடு உட்கார்ந்து பேசியபோது, என்னைவிட அதிகமாக அவன் இழந்திருப்பது தெரிந்தது. அவன் இழந்தது போலிப் பொருளால் அல்ல. எல்லாம் உண்மையான பொருள், உண்மையான கடை, உண்மையான விலைச் சீட்டு. நம் வீடுகளில் கார், பொம்மை, காலணி, நாணயம், அட்டை என்று ஏதாவது ஒன்றைச் சேர்க்கும் பிள்ளைகள் பலர் இருப்பதால், அந்தக் கணக்கை இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

பிறையில் செய்த கார்

ஹாட் வீல்ஸ் 1968-இல் அமெரிக்காவில் 16 வகைக் கார்களோடு தொடங்கியது. மேட்டல் என்ற பொம்மை நிறுவனம் அதைச் செய்கிறது. வீட்டில் ஒரு கார் இருந்தால் அதன் அடித்தகட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ‘மலேசியா’ என்று அச்சாகியிருக்கும். பினாங்கு, பிறையில் இருக்கும் மேட்டல் தொழிற்சாலை 1980-களிலிருந்து இந்தக் கார்களைச் செய்துவருகிறது. கோப்பெங்கிலிருந்து நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரப் பயணம். உலகம் முழுவதும் பிள்ளைகள் தரையில் உருட்டும் கார்களில் பெரும்பகுதி நம் நாட்டில்தான் பிறக்கிறது.

சாதாரண வகை ஒன்றின் விலை கடையில் பத்து ரிங்கிட்டைச் சுற்றித்தான் இருக்கும். ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 250 வகைகள் வருகின்றன. இதற்குள்தான் அந்த ‘சூப்பர்’ ஒளிந்திருக்கிறது.

1995-இல் மேட்டல் ‘டிரெஷர் ஹண்ட்’, அதாவது புதையல் வேட்டை என்ற வரிசையைத் தொடங்கியது. 12 கார்கள், ஒவ்வொன்றிலும் 10,000 மட்டும். அவற்றைத் தனியாக விற்கவில்லை. சாதாரணக் கார்கள் வரும் பெட்டிக்குள்ளேயே கலந்து அனுப்பினார்கள். யார் கண்ணில் படுகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம், விலையும் சாதாரண விலைதான். 2007 முதல் இதிலேயே ‘சூப்பர்’ என்ற மேல்தட்டு ஒன்று வந்தது. சூப்பர் காருக்குப் பளபளக்கும் தனிச் சாயம், கடினமான பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் டயர். காரின் மேல் எங்காவது சின்னதாக ‘டி.எச்.’ என்ற இரண்டு எழுத்து இருக்கும். அண்மைய ஆண்டுகளின் அட்டையில், காருக்குப் பின்னால் மறைவாகப் பொன்னிறத் தீச்சுடர்ச் சின்னம் இருக்கும். இப்போது ஆண்டுக்கு 15 வகை போல சூப்பர் வருகிறது. ஒவ்வொன்றிலும் எத்தனை செய்கிறார்கள் என்பதை நிறுவனம் வெளியே சொல்வதில்லை.

ஆகவே, தொழிற்சாலையிலிருந்து வெளியேறும்போது சூப்பருக்கும் சாதாவுக்கும் விலை ஒன்றுதான். கடையில் பெட்டியைப் பிரிக்கும்போதே காத்திருந்து எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பத்து வெள்ளிக் கார் அங்கிருந்து நூறு வெள்ளியாகவும் இருநூறு வெள்ளியாகவும் ஆகிறது. அந்தக் கூடுதல் பணம் பிறையில் காரைச் செய்த தொழிலாளிக்கும் போவதில்லை, செய்த நிறுவனத்துக்கும் போவதில்லை. நடுவில் நின்றவருக்குப் போகிறது.

என்னிடம் விற்றது என்ன?

பையன் காட்டிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். வாங்குபவர்களுக்கு உதவும்.

இந்தக் கார்களின் மேல்பகுதியும் அடித்தகடும் ரிவெட் ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். சக்கரத்தை மாற்ற வேண்டுமானால் அந்த ஆணியைத் துளையிட்டு எடுக்க வேண்டும். என் காரில் ஆணி இருந்த இடத்தில் துளையிட்ட தடமும் பசையும் இருந்தன. சாயமும் சாதாச் சாயம்தான், மேலே பளபளப்புக்கு ஏதோ பூசியிருந்தார்கள். ‘டி.எச்.’ எழுத்து தனியாக ஒட்டியது, நகத்தால் கீறினால் வந்துவிட்டது. அடித்தகட்டில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். எழுத்து எந்த ஆண்டு, இலக்கம் எந்த வாரம் என்று சொல்லும் குறி அது. அந்த ஆண்டின் சூப்பர் பட்டியலில் இந்த மாதிரியே இல்லை. இதையெல்லாம் அவன் கைத்தொலைபேசியில் இரண்டே நிமிடத்தில் பார்த்துவிட்டான்.

“அட்டை இல்லாம தனியா சூப்பர்னு வித்தா, மொதல்ல அடியப் பாக்கணும் சித்தப்பா” என்றான். வியாபாரியிடம் திரும்பிப் போகலாம் என்றால், ரசீது வாங்கவில்லை. பெயரும் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் வேறொருவர் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்.

காரைச் சுற்றியிருக்கும் வியாபாரம்

பையன் தன் சேமிப்பைக் காட்டினான். 60 கார்கள். கிட்டத்தட்ட எல்லாம் சாதாரண விலையில் வாங்கியவை. அவன் கெட்டிக்காரன்தான், சூப்பர் என்று யாரிடமும் நூறு வெள்ளி கொடுத்ததில்லை. காருக்கு மொத்தம் 600 வெள்ளி. சில ஆண்டுகளில் சேர்த்தது. இதில் தவறொன்றும் சொல்வதற்கில்லை.

“மத்த செலவையும் சேர்த்து எழுது” என்று ஒரு தாளைக் கொடுத்தேன். எழுதினான். அட்டையோடு காரை மூடிவைக்கும் பிளாஸ்டிக் உறை, ஒன்று 3 வெள்ளி, அறுபதுக்கு 180. சாதாக் காருக்கு மாட்ட வாங்கிய ரப்பர் சக்கரம், ஒரு செட் 25 வெள்ளி, எட்டு செட்டுக்கு 200. விளக்கு வைத்த சுவர் அலமாரி 320. கடைசியாக, ஒரே ஒரு காரை வைக்கும் அக்ரிலிக் பெட்டி ஒன்று 150. அந்தப் பெட்டியின் கீழே சின்னத் தகட்டில் ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் ‘500’ என்றும் பொறித்திருந்தது. ஐந்நூறில் ஒன்று என்று பொருளாம்.

கூட்டிப் பார்த்தோம். 850 வெள்ளி. காரைவிடக் காரைச் சுற்றியிருப்பதற்கு அதிகம் போயிருக்கிறது. அவனே இப்படிக் கூட்டிப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் இருபது, முப்பது என்று போனதால் கண்ணில் படவில்லை.

அந்த எட்டு செட் சக்கரத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் அப்பா நினைவுக்கு வந்தார். விடியற்காலையில் எழுந்து, உளியோடு பால்மரம் சீவப் போய், மங்கு மங்காகப் பால் சேர்த்து வாளியில் சுமந்து வந்தவர். ஒரு நாள் முழுக்க உழைத்தும் அவர் கைக்கு வந்தது சில வெள்ளிதான். அவர் பேரன் இன்று கொண்டைக்கடலை அளவு ரப்பர் வளையம் நான்குக்கு 25 வெள்ளி கொடுக்கிறான். காலம் மாறிவிட்டது, அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த விலை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

பெரிய இடத்திலும் இதே கதைதான்

பின்பால் என்ற விளையாட்டு இயந்திரத்தைச் சிலர் ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மூடிய சாய்வுப் பலகை, உள்ளே உருளும் இரும்புக் குண்டு, இரண்டு பக்கமும் பொத்தானை அழுத்தினால் குண்டைத் தட்டி மேலே அனுப்பும் துடுப்பு. முன்பு காசு போட்டு விளையாடும் இடங்களில் இருந்தது. இன்று அமெரிக்காவில் வசதியுள்ளவர்கள் அதை வாங்கி வீட்டில் வைக்கிறார்கள்.

சிகாகோ வட்டாரத்தைச் சேர்ந்த ஸ்டெர்ன் என்ற நிறுவனம் இதில் முன்னணியில் இருக்கிறது. ஒரே விளையாட்டை அது மூன்று தட்டாக விற்கிறது. 2023-இல் வந்த ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ இயந்திரத்தின் விலை கீழ்த்தட்டில் 6,999 டாலர், நடுத்தட்டில் 9,699 டாலர், மேல்தட்டான லிமிடெட் எடிஷனில் 12,999 டாலர். கடைசித் தொகை அன்றைய மாற்று விலையில் 50 ஆயிரம் ரிங்கிட்டுக்கும் மேல். நடுத்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் ஆட்டத்தில் வேறுபாடு இல்லை. குண்டு ஒரே பாதையில்தான் ஓடுகிறது. வெளிப்படம், நிறம், சில கூடுதல் பாகங்கள், எண் பொறித்த தகடு ஆகியவற்றுக்குத்தான் 3,300 டாலர் கூடுதல்.

இதோடு முடிவதில்லை. ‘டாப்பர்’ என்று ஒன்று தனியாக விற்கிறார்கள். இயந்திரத்தின் தலைமேல் வைக்கும் அலங்காரம் அது. விளக்கு எரியும், சில வகையில் பொம்மை அசையும். விளையாடுபவரின் கண் கீழே குண்டின் மேல் இருக்கும். அவர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். ஆனால் அதற்கும் ஆயிரம் டாலரைத் தாண்டிய விலைகள் உண்டு. ஏற்கெனவே பத்தாயிரம் டாலர் செலவழித்தவரிடம் “இன்னும் ஆயிரம்தானே” என்று சொல்வது எளிது. இயந்திரம் வாங்காதவர் டாப்பரை வாங்கப்போவதில்லை. வாங்கியவருக்கோ, அது இல்லாவிட்டால் தன் இயந்திரம் அரைகுறையாக இருப்பதுபோல் தோன்றும்.

என் அண்ணன் மகனின் அக்ரிலிக் பெட்டியும் அந்த டாப்பரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பொருளின் மேல் ஏற்கெனவே இருக்கும் ஆசையைப் பிடித்துக்கொண்டு, பொருளோடு தொடர்பே இல்லாத ஒன்றை அதிக விலைக்கு விற்கின்றன.

எண் சொல்வதும் சொல்லாததும்

லிமிடெட் எடிஷன் வியாபாரத்தில் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எண். ஐந்நூறு பெட்டி என்றால் எத்தனை பெட்டி இருக்கிறது என்று மட்டுமே தெரியும். எத்தனை பேருக்கு அது வேண்டும் என்று தெரியாது. ஐந்நூறு பெட்டிக்கு ஐயாயிரம் பேர் காத்திருந்தால் விலை ஏறும். முந்நூறு பேர்தான் கேட்டால் இருநூறு பெட்டி கடையிலேயே கிடக்கும். தகட்டில் விற்பவரின் எண் மட்டும்தான் இருக்கும்.

இரண்டாவது, அந்த எண் எதற்குரியது என்பது. பையனின் பெட்டி நீல நிறம். அடுத்த மாதம் அதே பெட்டி சிவப்பில் இன்னொரு ஐந்நூறு வந்தது, பிறகு கறுப்பில். ஆக மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு. நிறத்தை மாற்றினால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் வாங்கியவன் நினைத்தது வேறு.

மூன்றாவது, எண்ணுவது யார் என்பது. பெரிய நிறுவனத்துக்குப் பெயர் கெடும் என்ற அச்சமாவது உண்டு. இணையத்தில் தகடு அடித்து விற்கும் தனி வியாபாரி ஐந்நூறோடு நிறுத்தினாரா என்று போய்ப் பார்ப்பவர் யாரும் இல்லை.

நான்காவது, அவசரம். “இன்றிரவு பன்னிரண்டு மணி வரை மட்டும்”, “இன்னும் ஏழுதான் இருக்கு” என்று திரையில் ஓடும். இதோடு ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ வசதியும் சேர்ந்துவிட்டால், கையில் காசு இல்லாதவனும் வாங்கிவிடுவான். 150 வெள்ளி என்பது மாதம் 50 வெள்ளி, மூன்று மாதம் என்று ஆகும்போது சின்னதாகத் தெரிகிறது. பையனின் பெட்டியும் அப்படித்தான் வந்தது. கடைசித் தவணையைத் தாமதமாகக் கட்டியதற்குத் தனிக் கட்டணமும் கொடுத்திருக்கிறான்.

எது உண்மையில் அரிதாகிறது?

“வச்சிருந்தா வெலை ஏறும் சித்தப்பா” என்பதுதான் பையனின் கடைசி வாதம். இந்த வாதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஹாட் வீல்ஸ் சேகரிப்பாளர்களிடையே மிகப் புகழ்பெற்றது 1969-ஆம் ஆண்டு இளஞ்சிவப்பு ஃபோக்ஸ்வேகன் வேன். பின் கண்ணாடி வழியாக அலைச்சறுக்குப் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் பெறும் என்று மதிப்பிடுகிறார்கள். அது லிமிடெட் எடிஷன் அல்ல. சோதனைக்காகச் செய்து பார்த்து, ஓடுபாதையில் சரியாக ஓடாததால் ஒதுக்கப்பட்ட மாதிரி. பிறகு பலகைகளைப் பக்கவாட்டில் வைத்து வேனை அகலமாக்கித்தான் கடைக்கு அனுப்பினார்கள். அன்று யாரும் அதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அதனால்தான் இன்று அது அரிது.

இதற்கு நேர்மாறு 1992 நவம்பரில் நடந்தது. சூப்பர்மேன் இறந்துபோவதாக ஒரு படக்கதை இதழ் அமெரிக்காவில் வந்தது. கறுப்பு உறையில் மூடி, சேகரிப்போருக்கான பதிப்பு என்று விற்றார்கள். பல லட்சம் பிரதிகள் விற்றன. எதிர்காலத்தில் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று நம்பி, உறையைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்தவர்கள் ஏராளம். எல்லோரும் பத்திரமாக வைத்ததால் அது இன்றும் எங்கும் கிடைக்கிறது. சில பத்து டாலர் கொடுத்தால் போதும்.

பின்பாலிலும் ஒரு சான்று உண்டு. 1992-இல் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ இயந்திரம் 20,270 விற்றது. நவீன காலத்தில் அதிகம் விற்ற பின்பால் அதுதான். இத்தனை இருந்தும் இன்றும் அதை வாங்க ஆள் காத்திருக்கிறார்கள், பல ஆயிரம் டாலர் கொடுக்கிறார்கள். ஏனென்றால் அது விளையாட நன்றாக இருக்கிறது.

நம் நாட்டுக்கே வருவோம். 2017 டிசம்பரில் பேங்க் நெகாரா, மலாயா விடுதலை ஒப்பந்தத்தின் 60-ஆம் ஆண்டு நினைவாக 60 ரிங்கிட், 600 ரிங்கிட் நோட்டுகளை வெளியிட்டது. 600 ரிங்கிட் நோட்டு 37 சென்டிமீட்டர் நீளம், 22 சென்டிமீட்டர் அகலம். உலகின் மிகப் பெரிய நோட்டு என்று கின்னஸ் சாதனையில் இடம்பெற்றது. விலை வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. ஒற்றை 60 ரிங்கிட் நோட்டு 120 ரிங்கிட், 600 ரிங்கிட் நோட்டு 1,700 ரிங்கிட். நினைவுப் பொருளாக வாங்கியவருக்கு அது நியாயமான விலையாக இருக்கலாம். ஆனால் அவசரத்துக்குக் கடையில் நீட்டினால் அந்த 60 ரிங்கிட் நோட்டின் மதிப்பு 60 ரிங்கிட்தான். மீதி 60 அழகுக்கும் நினைவுக்கும் கொடுத்தது. அது திரும்பி வருமா என்பது, பின்னாளில் அதை விரும்பி வாங்க ஒருவர் வருகிறாரா என்பதைப் பொறுத்தது.

1990-களில் பொதுத் தொலைபேசியில் பேசப் பயன்பட்ட காட்ஃபோன், யூனிஃபோன்காட் அட்டைகளும் நினைவிருக்கும். படம் போட்ட அட்டைகளை ஆல்பத்தில் சேர்த்தவர்கள் நம்மில் பலர். கைத்தொலைபேசி வந்தது, பொதுத் தொலைபேசி போனது. அட்டைகளை இன்றும் பழம்பொருள் சந்தைகளில் பார்க்கலாம். பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை இல்லை.

கோப்பெங் கடைவீதிப் பக்கம் போகிறவர்கள் அங்கே ஊர்க்காரர்கள் முயற்சியில் உருவான சிறு அருங்காட்சியகத்தையும் ஒருமுறை பாருங்கள். ஈய லம்பக் காலத்துப் பொருள்கள், பழைய வீட்டுச் சாமான்கள் என்று நிறைய இருக்கின்றன. அன்றாடம் புழங்கியவை அவை. எந்தத் தகட்டிலும் வரிசை எண் கிடையாது. தேய்ந்து, உடைந்து, தூக்கி எறியப்பட்டு, மிச்சம் நின்றவைதான் இன்று கண்ணாடிக்குள் இருக்கின்றன. எங்கள் அப்பாவின் உளியும் மங்கும் இன்று எங்கள் வீட்டில் இல்லை. லயத்தை விட்டு வரும்போது அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று அந்த மங்கு ஒன்று கிடைத்தால், எண் போட்ட எந்தப் பெட்டியையும்விட அதிகமாகக் கொடுக்க நான் தயார்.

எல்லோரும் பயன்படுத்தித் தீர்த்தது பின்னாளில் அரிதாகிறது. சேகரிப்பதற்கென்றே விற்கப்படுவது எல்லோரிடமும் பத்திரமாக இருந்துவிடுகிறது. இந்த ஒன்றை நம் பிள்ளைகளுக்குப் புரியவைத்தால் போதும்.

காசு கொடுக்கும் முன்

சேகரிப்பு கெட்ட பழக்கம் அல்ல. கண்ணும் பொறுமையும் வளரும், நண்பர்கள் கிடைப்பார்கள். ஒரு பொருளுக்குக் கூடுதல் விலை சொல்லும்போது மட்டும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த எண்ணும் தகடும் இல்லாவிட்டால் இதற்கு எவ்வளவு கொடுப்பேன்? நாளைக்கே விற்க வேண்டியிருந்தால் யார் வாங்குவார், எவ்வளவுக்கு? இதில் கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது, விற்று முடிந்த விலையைப் பார்க்க வேண்டும். இணையத்தில் ஒருவர் 800 வெள்ளி என்று போட்டிருப்பது அவருடைய ஆசை மட்டுமே. ஒரு மாதம் பொறுத்தாலும் இது எனக்கு வேண்டியிருக்குமா? தவணை இல்லாமல் இன்றே முழுப் பணமும் கொடுப்பேனா? துணைப் பொருள்களுக்கென்று மாதம் ஒரு வரம்பும் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கினால் ரசீது வாங்குங்கள். நான் செய்த தவறு அதுதான். இணையத்தில் வாங்கினால் விற்பவரின் பெயர், விளம்பரம், உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி ஒருவர் பொய் சொல்லி விற்றால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே, வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால், தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “பொம்மைக்கு இவ்வளவா?” என்று திட்டினால் பிள்ளை அடுத்த முறை விலையை மறைப்பான். பக்கத்தில் உட்கார்ந்து, அவனையே கூட்டி எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் திட்டு சாதிக்காததை அந்த ஒரு தாள் சாதித்தது.

பையன் லாரி ஓட்டும் உரிமம் எடுக்க ஓராண்டாகப் பணம் சேர்க்கிறான். இன்னும் ஆயிரம் வெள்ளி போல் குறைகிறது. 850 என்ற எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டவன், சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “லைசென்ஸ் எடுக்கிற வரைக்கும் கார் மட்டும் போதும் சித்தப்பா. மத்தது வேணாம்” என்றான். காரையும் விடு என்று நான் சொல்லவில்லை. மாதம் ஒரு பத்து வெள்ளிக் கார் அவனுக்கு மகிழ்ச்சி தருகிறது. உழைக்கிற பிள்ளை, அதற்கு உரிமை உண்டு.

நான் வாங்கிய அந்தப் போலிக் காரை என்ன செய்வது என்று கேட்டேன். பக்கத்து வீட்டுச் சின்னப் பையனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தான். அவன் ஐந்தடியில் தரையில் உட்கார்ந்து உருட்டத் தொடங்கினான். ரப்பர் டயர் அல்லவா, சத்தமில்லாமல் வாசல் வரை ஓடியது. அந்த வீட்டில் இருந்த கார்களில் அன்று ஓடியது அது ஒன்றுதான்.